போக்கிமான் ஸ்டாட் கணக்கு: அணி அமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போக்கிமான் வீடியோ விளையாட்டில் புதிதாக அணி அமைக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஈவி (பயிற்சிப் புள்ளி) எவ்வளவு போடுவது, நேச்சர் (போக்கிமானின் குணம்) எதை எடுப்பது, சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் விடை ஏன் ஒன்று தள்ளி வருகிறது என்று. இத்தனை நாள் துண்டுத் துண்டாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். தனியாக எதுவும் சொல்லாத இடங்களில், லெவல் 50-இல் நடக்கும் போட்டிகளையும் ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளின் விதிகளையும் வைத்தே பேசுகிறேன்.

ஸ்டாட் என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

உயிர், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் என்று ஆறு. திரையில் தெரியும் எண் ஒவ்வொன்றும் ஐந்து விஷயங்கள் சேர்ந்து உருவாவது. இனத்துக்கே உரிய பேஸ் ஸ்டாட், பிறவியில் அமையும் ஐவி (0 முதல் 31 வரை), பயிற்சியில் சேரும் ஈவி (ஒரு ஸ்டாட்டுக்கு 252 வரை, மொத்தம் 510), லெவல், நேச்சர். பேஸ் ஸ்டாட்டை நம்மால் மாற்ற முடியாது. மீதி எல்லாம் ஏதோ ஒரு வழியில் நம் கையில்தான் இருக்கிறது.

சரி, சூத்திரம் என்ன?

உயிருக்கு ஒன்று, மற்ற ஐந்துக்கும் பொதுவாக ஒன்று.

உயிர் = (2 × பேஸ் + ஐவி + ஈவி ÷ 4) × லெவல் ÷ 100 + லெவல் + 10

மற்றவை = [(2 × பேஸ் + ஐவி + ஈவி ÷ 4) × லெவல் ÷ 100 + 5] × நேச்சர்

நேச்சர் உயர்த்தும் ஸ்டாட் என்றால் 1.1, குறைக்கும் ஸ்டாட் என்றால் 0.9, இரண்டும் இல்லையென்றால் 1. உயிரை எந்த நேச்சரும் தொடாது.

கார்சோம்ப் என்ற போக்கிமானை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். அதன் வேக பேஸ் 102. ஐவி 31, ஈவி 252, வேகத்தைக் கூட்டும் ஜாலி நேச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 204 + 31 + 63 = 298. லெவல் 50 என்பதால் பாதி, 149. ஐந்தைக் கூட்டினால் 154. அதை 1.1-ஆல் பெருக்கினால் 169.4. திரையில் வருவது 169.

இந்தச் சூத்திரம் 2002-இல் வந்த ரூபி, சஃபையர் விளையாட்டுகளிலிருந்து முக்கியத் தொடரில் நிலைத்துவிட்டது. பேஸ் ஸ்டாட்டுகள் மட்டும் சில போக்கிமான்களுக்கு இடையிடையே மாறியிருக்கின்றன. பழைய அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட வேண்டாம்.

நான் போட்டால் விடை ஒன்று தள்ளி வருகிறதே?

பின்னத்தை வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் விட்டிருப்பீர்கள். ஈவியை 4-ஆல் வகுத்ததும் ஒரு முறை, லெவலால் பெருக்கி 100-ஆல் வகுத்ததும் ஒரு முறை, நேச்சரால் பெருக்கியதும் ஒரு முறை என மூன்று இடங்களில் பின்னத்தைத் தூக்கிப் போட வேண்டும். 0.9 மிச்சம் இருந்தாலும் மேலே ஏற்றக் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு முறை வெட்டினால் சில ஸ்டாட்டுகள் சரியாக வரும், சில வராது. எது தப்பு என்றே தெரியாது என்பதுதான் இதில் தொல்லை.

மனக்கணக்காகப் போட வழி இருக்கிறதா?

இருக்கிறது. இந்தப் பதிலை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லெவல் 50, ஐவி 31 என்றால்:

ஈவி எதுவும் இல்லாத ஸ்டாட் = பேஸ் + 20. உயிர் என்றால் பேஸ் + 75.

முழு 252 போட்ட ஸ்டாட் = பேஸ் + 52. உயிர் என்றால் பேஸ் + 107.

நேச்சர் பெருக்கலை அதற்குப் பிறகு செய்யுங்கள். கார்சோம்பின் தாக்குதல் பேஸ் 130. முழு ஈவி போட்டால் 182, தாக்குதலைக் கூட்டும் அடமன்ட் நேச்சரில் 200. உயிர் பேஸ் 108, ஈவி இல்லாமல் 183. எதிரில் ஒரு போக்கிமான் வந்து நிற்கும்போது அதன் பேஸ் வேகம் நினைவிருந்தால் போதும், அது அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று இரண்டு நொடியில் சொல்லிவிடலாம்.

ஒரு புள்ளி ஏற எத்தனை ஈவி போட வேண்டும்?

லெவல் 100-இல் 4 ஈவிக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். லெவல் 50-இல், ஐவி 31 இருந்தால், முதல் புள்ளிக்கு 4 போதும். அதன்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் 8. அதாவது 4, 12, 20, 28 என்று போய் 252-இல் 32 புள்ளி கிடைக்கும். எத்தனை புள்ளி வேண்டுமோ அதை 8-ஆல் பெருக்கி 4-ஐக் கழியுங்கள். 12 புள்ளி வேண்டுமா? 96-இல் 4 போக 92.

முதல் புள்ளி மட்டும் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் 31 ஒற்றைப்படை எண் என்பதுதான். 2 × பேஸ் எப்போதும் இரட்டை. அதோடு 31 சேர்ந்தால் ஒற்றை. பாதியாக்கும்போது அந்த அரை வீணாகிறது. 4 ஈவி போட்டதும் அது முழுதாகி ஒரு புள்ளியாக நிற்கிறது. இது தெரியாமல் 8, 16, 24 என்று ஈவி போட்டு வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த 8-இல் 4 எதற்கும் உதவாமல் கிடக்கும்.

தாக்குதலுக்கு 252, வேகத்துக்கு 252, மிச்சம் 4 உயிருக்கு. இது போதாதா?

பல நேரம் போதும். வேகமாக ஓடி ஓங்கி அடிக்கும் வேலைக்காகவே அணியில் இருக்கும் ஒன்றுக்கு இதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த 252 யாரை முந்துவதற்காகப் போடப்பட்டது என்று உங்களிடம் கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

கார்சோம்பையே பாருங்கள். பேஸ் 100 வேகம் உள்ள எதிரி, வேக நேச்சரும் முழு ஈவியும் சேர்ந்து 167 வரை போகும். அதை முந்த நமக்கு 168 வேண்டும். 153-ஐ 1.1-ஆல் பெருக்கினால் 168.3. 153 என்பது பேஸ் 102-உடன் 20 சேர்ந்த 122-க்கு மேல் 31 புள்ளி, அதாவது 244 ஈவி. 252 போட்டால் 169. அந்தக் கடைசி 8 ஈவி பெரும்பாலும் இன்னொரு கார்சோம்புடன் சமநிலைக்கு வரத்தான் உதவுகிறது. சமநிலை என்றால் யார் முந்துவது என்பது பாதிக்குப் பாதி குலுக்கல்.

எதிரணிகளில் கார்சோம்ப் அதிகம் வரும் காலம் என்றால் 252 போடுங்கள், தயங்கவே வேண்டாம். அவ்வளவாக வராத காலம் என்றால் 244-இல் நிறுத்திவிட்டு அந்த 8-ஐத் தற்காப்பில் வைக்கலாம்.

ஐவி 30-க்கும் 31-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

சில இடங்களில் ஒன்றுமே இல்லை. கார்சோம்பின் வேகத்தில் ஈவி எதுவும் போடவில்லை என்றால் 234-இன் பாதியும் 117, 235-இன் பாதியை வெட்டினாலும் 117. ஆனால் 252 ஈவி போட்டதும் 297, 298 என்று பிரிந்து 148, 149 ஆகிறது. ஜாலி நேச்சருடன் அது 168, 169.

இந்த ஒன்று எனக்கு ஒரு ஆட்டத்தையே பறித்திருக்கிறது. இரு பக்கமும் கடைசியாக ஒவ்வொரு கார்சோம்ப்தான் மிச்சம், இரண்டுக்கும் உயிர் கொஞ்சம்தான். முந்துபவருக்கு ஆட்டம். எதிராளியுடையது முந்தியது. குலுக்கலில் தோற்றேன் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போய் ஸ்டாட் திரையைத் திறந்தால் வேகம் 168 என்று நிற்கிறது. குலுக்கலே நடக்கவில்லை. ஐவி 30 என்று தெரிந்தும் 'ஒன்றுதானே' என்று விட்டிருந்தேன். அன்றிலிருந்து அணியைப் பதிவு செய்வதற்கு முன்னால் கணக்கில் வந்த எண்ணையும் திரையில் தெரியும் எண்ணையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துவிடுகிறேன். ஆறு போக்கிமானுக்கு முப்பத்தாறு எண்கள், ஐந்து நிமிட வேலை.

இப்போது இதைச் சரிசெய்வது சுலபம். 2016-இல் சன், மூன் விளையாட்டுகளில் ஹைப்பர் டிரெயினிங் வந்தது. பாட்டில் கேப் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால் ஒரு ஸ்டாட்டின் ஐவி 31-க்குச் சமமாகிவிடும். தங்க பாட்டில் கேப் கொடுத்தால் ஆறுமே சமமாகும். முதலில் இதற்கு லெவல் 100 தேவைப்பட்டது. ஸ்கார்லெட், வயலட்டில் லெவல் 50 போதும்.

என் போக்கிமானின் ஐவி எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளையாட்டிலேயே ஐவியை மதிப்பிட்டுச் சொல்லும் ஜட்ஜ் வசதியில் 'பெஸ்ட்' என்றால் 31, 'ஃபென்டாஸ்டிக்' என்றால் 30, 'வெரி குட்' 26 முதல் 29, 'பிரிட்டி குட்' 16 முதல் 25, 'டீசன்ட்' 1 முதல் 15, 'நோ குட்' என்றால் 0.

துல்லியமாக வேண்டும் என்றால் சூத்திரத்தைப் பின்னோக்கிப் போடுங்கள். லெவல் 50 கார்சோம்ப், தற்காப்பைத் தொடாத நேச்சர், தற்காப்பில் ஈவி இல்லை, திரையில் 112 என்று தெரிகிறது. ஐந்தைக் கழித்தால் 107. பாதியாக்கி 107 வர வேண்டும் என்றால் அதற்கு முன் 214 அல்லது 215 இருந்திருக்க வேண்டும். தற்காப்பு பேஸ் 95, அதன் இரு மடங்கு 190. ஆக ஐவி 24 அல்லது 25. லெவல் குறையக் குறைய இந்த வீச்சு அகலமாகும். லெவல் 10-இல் இதைச் செய்து பயனில்லை.

நேச்சர் எதை எடுப்பது?

25 நேச்சர்களில் ஐந்து எதையும் மாற்றாதவை. மீதி இருபதும் ஒன்றைப் பத்து சதவீதம் கூட்டி இன்னொன்றைப் பத்து சதவீதம் குறைப்பவை. பயன்படுத்தாத தாக்குதல் ஸ்டாட்டைக் குறைத்துக்கொள்வது வழக்கமான தேர்வு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே.

அதிகம் பேசப்படாத ஒன்று, பத்தின் மடங்குகள். நேச்சர் கூட்டும் ஸ்டாட்டில் 149 என்பது 163 ஆகும், 150 என்பது 165 ஆகும். 164 என்ற எண் வரவே வராது. அதாவது பெருக்குவதற்கு முன் உள்ள எண் 140, 150, 160 என்று முழுப் பத்தைத் தொடும்போது ஒரு புள்ளி விலையில் இரண்டு புள்ளி கிடைக்கிறது. நீங்கள் போட்ட ஈவி 149-இல் வந்து நிற்கிறது என்றால் இன்னொரு 8 தேடிப் பிடித்துப் போட்டுவிடுங்கள். 151-இல் நிற்கிறது, அதனால் குறிப்பாக எதையும் முந்தவில்லை என்றால் ஒரு புள்ளியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நேச்சர் தப்பாக அமைந்துவிட்டால்?

2019-இல் சுவார்ட், ஷீல்ட் விளையாட்டுகளிலிருந்து மின்ட் என்ற பொருள் இருக்கிறது. கொடுத்தால் ஸ்டாட் கணக்கு புதிய நேச்சரின்படி மாறிவிடும். முட்டையில் பிறக்கும் குட்டிக்குப் போவது மட்டும் பழைய நேச்சர்தான்.

தாங்க வேண்டும் என்றால் உயிரைக் கூட்டுவதா, தற்காப்பைக் கூட்டுவதா?

ஒரு போக்கிமான் எவ்வளவு தாங்கும் என்பது, ஏறக்குறைய, உயிரையும் தற்காப்பையும் பெருக்கி வரும் எண். பெருக்கலில் சிறிய எண்ணைக் கூட்டினால்தான் லாபம் அதிகம். பிளிஸ்ஸியைப் பார்த்தால் இது பளிச்சென்று புரியும். உயிர் பேஸ் 255, தற்காப்பு பேஸ் வெறும் 10. ஈவி இல்லாமல் உயிர் 330, தற்காப்பு 30.

252-ஐ உயிரில் போட்டால் 362 × 30 = 10,860. தற்காப்பில் போட்டால் 330 × 62 = 20,460. கிட்டத்தட்ட இரு மடங்கு.

பெரும்பாலான போக்கிமான்களுக்கு இப்படி ஒரு பள்ளம் இருக்காது. உயிரும் தற்காப்புகளும் ஓரளவு நெருங்கி இருக்கும். அங்கே உயிரைக் கூட்டினால் இரண்டு வகை அடிக்கும் உதவும் என்பதால் முதலில் உயிர், பிறகு குறிப்பிட்ட அடியைத் தாங்கத் தேவையான தற்காப்பு என்று போவதே நல்லது.

'குறிப்பிட்ட அடியைத் தாங்க' என்றால்? அதை எப்படிக் கணக்குப் போடுவது?

ஸ்டாட் கணக்கு உண்மையில் பயன்படுவது இங்கேதான். அதனால் ஒரு கணக்கை முதலிலிருந்து கடைசி வரை போட்டுக் காட்டுகிறேன்.

லெவல் 50-இல் ஒரு அடியின் அடிப்படை அளவு: 22 × பவர் × தாக்குதல் ÷ தற்காப்பு, அதை 50-ஆல் வகுத்து 2 கூட்ட வேண்டும். அதன்மேல் 85 முதல் 100 சதவீதம் வரை பதினாறு விதமாக விழும் குலுக்கல். பிறகு தன் வகை அடிக்கு (அடிப்பதன் வகையும் அடியின் வகையும் ஒன்றானால்) 1.5, எதிரியின் வகை அந்த அடிக்குப் பலவீனம் என்றால் 2.

நம்முடையது இன்சினரோர். உயிர் பேஸ் 95, இரண்டு தற்காப்புகளும் பேஸ் 90. உயிரில் 252 போட்டால் 202. தற்காப்பு ஈவி இல்லாமல் 110. எதிரில் ஜாலி கார்சோம்ப், தாக்குதல் 182, எர்த்குவேக் என்ற நில வகை அடியின் பவர் 100. ஆட்டம் சிங்கிள்ஸ் (ஒன்றுக்கு ஒன்று). இன்சினரோர் ஏற்கெனவே களத்தில் இருக்கிறது, கார்சோம்ப் பிறகுதான் வந்தது. எனவே இன்டிமிடேட் (களத்தில் இறங்கும்போது எதிரியின் தாக்குதலைக் குறைக்கும் இன்சினரோரின் திறன்) அதன் தாக்குதலைக் குறைக்கவில்லை.

22 × 100 × 182 = 4,00,400. 110-ஆல் வகுத்தால் 3640. 50-ஆல் வகுத்தால் 72.8, வெட்டி 72. இரண்டு கூட்டி 74. குலுக்கலில் 62 முதல் 74. தன் வகை அடி என்பதால் 93 முதல் 111. தீ வகைக்கு நிலம் இரட்டிப்பு, ஆக 186 முதல் 222. பதினாறு குலுக்கல்களில் ஒன்பதில் 202-ஐத் தாண்டி இன்சினரோர் விழுகிறது. பாதிக்கு மேல்.

தற்காப்பை எவ்வளவு உயர்த்தினால் ஒரு முறைகூட விழாது? 121 என்று போட்டுப் பாருங்கள். அடிப்படை 68, உச்ச அடி 204. போதவில்லை. 122 போட்டால் அடிப்படை 67. 1.5-ஆல் பெருக்கினால் 100.5. இந்த இடத்தில் விளையாட்டு சரியான அரையைக் கீழே இறக்கும், எனவே 100. இரட்டித்தால் 200. இரண்டு உயிர்ப் புள்ளியோடு நிற்கிறது!

110-லிருந்து 122-க்கு 12 புள்ளி, அதாவது 92 ஈவி. இப்போது நமக்கு ஒரு இலக்கும் அதன் விலையும் தெரிந்துவிட்டது.

அந்த 92-க்குப் பதில் தற்காப்பு நேச்சரே எடுத்துவிடலாமே?

நல்ல கேள்வி, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இம்பிஷ் நேச்சரில் 110 என்பது 121 ஆகும், ஒன்று குறைகிறது. 4 ஈவி போட்டால் 111, அது 122 ஆகிவிடும். 92 போட வேண்டிய இடத்தில் 4 போதும் என்றால் 88 மிச்சம். உயிருக்கு 252, தற்காப்புக்கு 4, மீதி 252-ஐச் சிறப்புத் தற்காப்பில் வைத்தால் அங்கே 142.

இப்போது இன்னொரு வழி. சிறப்புத் தற்காப்பைக் கூட்டும் கேர்ஃபுல் நேச்சர், உயிர் 252, தற்காப்பு 92, சிறப்புத் தற்காப்பு 164. தற்காப்பு அதே 122. சிறப்புத் தற்காப்பு நேச்சருக்கு முன் 131, பின் 144. அதே எர்த்குவேக்கைத் தாங்கிக்கொண்டு இரண்டு புள்ளி கூடுதலாக நிற்கிறது. நேச்சரின் பத்து சதவீதம் பெரிய எண்ணின்மேல் விழுந்தால் அதிகம் தரும், அதுதான் காரணம். அதனால் ஒரு இலக்கைப் பிடிக்கும்போது குறைந்தது இரண்டு நேச்சர்களிலாவது போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

டபுள்ஸ் (இரண்டுக்கு இரண்டு) ஆடுகிறேன். கணக்கு மாறுமா?

பல பேர்மேல் விழும் அடி முக்கால் பங்காகும். அதே கார்சோம்ப், தற்காப்பு 110 உள்ள அதே இன்சினரோரை டபுள்ஸில் எர்த்குவேக்கால் அடித்தால் 138 முதல் 164. ஒரே அடியில் விழாது. இன்டிமிடேட்டும் பட்டிருந்தால் தாக்குதல் 182-இன் மூன்றில் இரண்டு பங்கு, 121. அடி 92 முதல் 110. அப்போது கேள்வி இரண்டு அடி தாங்குமா என்பது. 110 தற்காப்பில் இரண்டு அடியில் விழ நல்ல வாய்ப்பு உண்டு. 122 தற்காப்பில் அடி 84 முதல் 102 என்று இறங்குகிறது. இரண்டு முறையும் உச்சக் குலுக்கல் விழுந்தால் மட்டுமே 204, மற்ற எல்லாச் சேர்க்கையும் 202-க்குக் கீழே. 256-இல் ஒரு வாய்ப்பு. சிங்கிள்ஸுக்காகப் போட்ட அந்த 92, டபுள்ஸிலும் உழைக்கிறது.

கிரிட்டிகல் அடியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது 24-இல் ஒரு முறை விழும், ஒன்றரை மடங்கு. அதற்கெல்லாம் ஈவி போட்டுத் தடுக்க முடியாது.

டெயில்விண்ட், சாய்ஸ் ஸ்கார்ஃப், பாராலிசிஸ் இதெல்லாம் வேகத்தை எப்படி மாற்றும்?

டெயில்விண்ட் (அணி முழுவதையும் வேகமாக்கும் நகர்வு) இரட்டிப்பு, நான்கு டர்னுக்கு (சுற்றுக்கு). சாய்ஸ் ஸ்கார்ஃப் (போக்கிமானிடம் கொடுத்து வைக்கும் பொருள்) ஒன்றரை மடங்கு. பாராலிசிஸ் என்ற முடக்கம் பாதியாக்கும் (2016-க்கு முந்தைய விளையாட்டுகளில் கால் பங்காக்கியது). ஆட்டத்தின் நடுவே வேகம் ஒரு படி ஏறினால் 1.5, இரண்டு படி 2. ஒரு படி இறங்கினால் மூன்றில் இரண்டு, இரண்டு படி இறங்கினால் பாதி. எல்லாமே நேச்சர் வரை போட்டு முடித்த எண்ணின்மேல்தான்.

அணியில் டெயில்விண்ட் இருந்தால் வேக இலக்குகளும் மாறும். டெயில்விண்ட் இல்லாத 169-ஐ முந்த நமக்கு 85 போதும். பேஸ் 65 உள்ள போக்கிமானுக்கு ஈவி எதுவும் இல்லாமலே 85 வந்துவிடுகிறது. அப்படியிருக்க அதன் வேகத்தில் 252 கொட்டியிருந்தால், அது எதற்கு?

டிரிக் ரூம் அணி என்றால் தலைகீழா?

ஆமாம், ஐந்து டர்னுக்கு மெதுவானது முந்தும். வேக ஐவி 0 உள்ளதைத் தேடிப் பிடிக்க வேண்டும். டார்கோலின் வேக பேஸ் 20. ஐவி 31, சாதாரண நேச்சர் என்றால் வேகம் 40. ஐவி 0, வேகத்தைக் குறைக்கும் குவயட் நேச்சர் என்றால் 22. ஹைப்பர் டிரெயினிங் 31-க்கு ஏற்றத்தான் செய்யும், 0-க்கு இறக்காது. தங்க பாட்டில் கேப்பை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள், வேகமும் சேர்ந்து ஏறிவிடும்.

சிறப்புத் தாக்குதல் மட்டுமே செய்யும் போக்கிமானுக்குத் தாக்குதல் ஐவி 0 இருப்பதும் நல்லது. ஃபவுல் பிளே என்ற அடி நம் தாக்குதலையே எடுத்து நம்மை அடிக்கும். குழப்பத்தில் தன்னைத் தானே அடித்துக்கொள்வதும் அதே எண்ணை வைத்துத்தான்.

பூஸ்டர் எனர்ஜி (சில போக்கிமான்களின் ஒரு ஸ்டாட்டைக் கூட்டும் பொருள்) எந்த ஸ்டாட்டைக் கூட்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியுமா?

முடியும், எது பெரியதோ அதுதான் கூடும். மற்றவை 1.3 மடங்கு, வேகம் என்றால் 1.5. ஃபிளட்டர் மேனுக்குச் சிறப்புத் தாக்குதலும் வேகமும் இரண்டுமே பேஸ் 135. இரண்டிலும் 252 போட்டால் 187, 187. டிமிட் நேச்சர் எடுத்தால் வேகம் 205 ஆகி அதுவே பெரியதாகிறது, கூடியபின் 307. மாடஸ்ட் எடுத்தால் சிறப்புத் தாக்குதல் 205 ஆகி அதுதான் கூடும். நேச்சர் என்ற ஒரே முடிவு இரண்டு வேலை செய்கிறது.

உயிர் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்கிறார்களே?

எல்லோருக்கும் அல்ல. சரிசார்டுக்கு ஸ்டெல்த் ராக் (களத்துக்குள் வரும்போதெல்லாம் குத்தும் கற்கள்) பாதி உயிரை எடுக்கும். லெவல் 100-இல் ஈவி இல்லாமல் அதன் உயிர் 297. பாதி 148.5, வெட்டி 148. இரண்டு முறை உள்ளே வந்தாலும் 296 போய் ஒன்று மிச்சம் நிற்கும். ஆசைப்பட்டு 4 ஈவி போட்டு 298 ஆக்கினால் இரண்டாவது முறை வரும்போதே விழுந்துவிடும். ஒரு புள்ளி கூட்டியதால் போக்கிமான் போன கதை.

முடிவு செய்த எண்ணை விளையாட்டில் எப்படிச் சேர்ப்பது?

விட்டமின் ஒன்றுக்கு 10 ஈவி. எச்பி அப் உயிருக்கு, புரோட்டீன் தாக்குதலுக்கு, அயர்ன் தற்காப்புக்கு, கால்சியம் சிறப்புத் தாக்குதலுக்கு, சிங்க் சிறப்புத் தற்காப்புக்கு, கார்போஸ் வேகத்துக்கு. முன்பு 100-க்கு மேல் ஏற்றாது. சுவார்ட், ஷீல்டிலிருந்து 252 வரை ஏற்றும், 26 வேண்டும். இறகுகள் ஒன்றுக்கு ஒரு ஈவி. ஆக 92 என்றால் ஒன்பது விட்டமின், இரண்டு இறகு. 244 என்றால் இருபத்து நான்கு விட்டமின், நான்கு இறகு.

சண்டை போட்டு ஏற்றுவது செலவில்லாத வழி. மேஜிகார்ப் ஒன்றை வீழ்த்தினால் வேகத்துக்கு 1 ஈவி. பவர் ஆங்க்லெட் என்ற பொருளைப் பிடித்திருந்தால் அதோடு 8 சேர்ந்து 9. இருபத்தெட்டு மேஜிகார்ப், சரியாக 252. எண்ணிக்கை விட்டுப்போனால் நின்று சரிபாருங்கள், தோராயமாகப் போகாதீர்கள்.

கால்குலேட்டர்கள் இருக்கும்போது கையால் ஏன் போட வேண்டும்?

அடிக் கணக்குக்கு நானும் கால்குலேட்டர்தான் வைத்திருக்கிறேன். ஆனால் எந்த எதிரியை, எந்த அடியை அதில் போட்டுப் பார்ப்பது என்று அது சொல்லாது. என் வழக்கம் இது. ஆறு பெயரையும் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இதை முந்த வேண்டும்', 'இந்த அடியைத் தாங்க வேண்டும்' என்று இரண்டு வரி எழுதுவேன். எழுத முடியாத போக்கிமான் ஏன் அணியில் இருக்கிறது என்று முதலில் யோசிப்பேன். இலக்குகளுக்கு ஆகும் ஈவியைக் கூட்டினால் சில சமயம் 508-ஐத் தாண்டிவிடும். அப்போது எதை விடுவது என்று உட்கார்ந்து யோசிக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் அணி உருவாகிறது. 510 இருந்தும் 508 என்கிறேனே என்றால், ஈவி நான்கு நான்காகத்தான் கணக்காகும். கடைசி 2 எங்கேயும் சேராது.

போக்கிமான் கோவுக்கும் இதே சூத்திரமா?

இல்லை. அங்கே ஐவி 15 வரைதான், ஈவியும் நேச்சரும் கிடையாது. 2018-இல் வந்த லெட்ஸ் கோ விளையாட்டுகளில் ஈவிக்குப் பதில் ஏவி என்ற வேறு வகைப் புள்ளி. லெஜண்ட்ஸ் ஆர்சியஸிலும் கணக்கு வேறு. இந்தப் பக்கத்து எண்களை அங்கே பயன்படுத்த வேண்டாம்.

ஈவியைத் தப்பான ஸ்டாட்டில் ஏற்றிவிட்டேன். போனது போனதுதானா?

பெர்ரி கொடுத்து இறக்கலாம், ஒன்றுக்கு 10. பொமெக் உயிருக்கு, கெல்ப்சி தாக்குதலுக்கு, குவாலட் தற்காப்புக்கு, ஹான்டியூ சிறப்புத் தாக்குதலுக்கு, கிரேப்பா சிறப்புத் தற்காப்புக்கு, டமேட்டோ வேகத்துக்கு. 252 முழுவதையும் இறக்க 26 பெர்ரி. 252-லிருந்து 244-க்கு வர வேண்டும் என்றால் ஒரு பெர்ரி கொடுத்து 242 ஆக்கிவிட்டு, இரண்டு இறகு கொடுங்கள்.